வில்லங்கம்

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பது என் பிழைப்பு.
கென்டக்கியில் மூன்று கவுண்டிகளின்
பத்திரக் கட்டுகள் எனக்கு அத்துபடி.
எந்த அடமானம் தீரவில்லை, எந்த வேலி நகர்ந்தது,
எந்தப் பங்காளி கையெழுத்துப் போடாமலே செத்தான்.
சொந்த வீட்டுக்கு மட்டும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு
பெட்டிக்ரூ வம்சம் ஓடைக்கரையில் கூடும்.
நூற்றுப் பன்னிரண்டு பேர், பொரித்த கோழி, மடக்கு நாற்காலிகள்.
இந்த வருஷம் வெண்டல் சித்தப்பா
கருங்கல் நட நன்கொடை கேட்டார்.
வாசகம் தயார்:
ஜாபெஸ் பெட்டிக்ரூ.
இம்மண்ணில் முதலில் ஏர் பூட்டியவர்.
உப்பு ஊற்றருகே ஷானிகளால் கொல்லப்பட்டார். ஜூலை 9, 1779.
"தேதியை மட்டும் சரிபார்த்துத் தா" என்றார் என்னிடம்.

வாக்குமூலம் கிடைத்தது.
கெசியா பெட்டிக்ரூ, வயது இருபத்து நான்கு,
பிள்ளைகள் மூன்று, வயிற்றில் ஒன்று.
உப்புக் காய்ச்சப் போனவர் திரும்பவில்லை.
ஆளிச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன், அலறல் கேட்டது.
ஆறு பேரைப் பார்த்தேன், முகத்தில் கருஞ்சாயம்.
உடல் கிடைக்கவில்லை.
கீழே கைநாட்டுக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
இறகுப் பேனா தாளைக் கிழித்த அழுத்தத்தில்.

வேறு யாராவது அழுதிருப்பார்கள்.
நான் அடுத்த தாளைப் புரட்டினேன், தொழில் புத்தி.
வீட்டுச் சாமான் கணக்கு:
கோடரி உண்டு. இறகு மெத்தை உண்டு.
உப்புக் காய்ச்சும் இரும்புக் கொப்பரை
இரண்டும் உண்டு.
இல்லாதவை: செங்குதிரை, சேணம்,
செருப்புத் தைக்கும் ஊசிப்பை,
கம்பளிக் கோட்டு.

கொப்பரை இல்லாமல் உப்புக் காய்ச்சப் போனவன்.
ஜூலையில் கம்பளியோடு போனவன்.

ஒரு போகம் சோளம் எடுத்தவனுக்கு நானூறு ஏக்கர்
என்றது அன்றைய சட்டம்.
அவன் செத்தால் விதவைக்கு.
ஓடிப்போனால்?
அதற்குச் சட்டத்தில் வரி இல்லை.
எழுதத் தெரியாத கெசியா
அந்த இல்லாத வரியைப் படித்திருக்கிறாள்.

இதோடு மூடியிருந்தால்
அவளைக் கொண்டாடிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அதே கட்டில், நூல் அறுந்து, ஒரு துண்டுத் தாள்.
"விதவை பெட்டிக்ரூ பொருட்டு" நாற்பத்தொரு பேர்
துப்பாக்கியோடு ஒஹாயோ ஆற்றைக் கடந்தார்கள்.
தலைவன் குறிப்பு:
ஊர் காலியாக இருந்தது, ஏறக்குறைய.
சோளம் ஆளுயரம். எரிக்க இரண்டு நாள் பிடித்தது.

அந்த "ஏறக்குறைய"வின் மேல்
என் விரல் வெகுநேரம் நின்றது.
எத்தனை பேர் என்று அவன் எழுதவில்லை.
எத்தனை போகம் எடுத்த மண் அது என்றும்
யாரும் கேட்கவில்லை.
அவர்களுக்கு ஏக்கர் அளக்க எவனும் சங்கிலி கொண்டுவரவில்லை.

கடைசித் தாளுக்கு நான்கு மாதம் காத்திருந்தேன்.
மிசிசிப்பிக்கு அப்பால், ஸ்பெயின் அரசன் ஆண்ட கரையில்,
ஒரு பிரெஞ்சுப் பாதிரியின் கல்யாணப் பதிவேடு, 1791.
மணமகன் ழாபே பெத்திக்ரி. செருப்புத் தைப்பவர்.
இதுவரை மணமாகாதவர்.
கையெழுத்தில், முதலெழுத்தின் வாலில்,
எங்கள் நிலப் பத்திரத்தில் இருக்கும் அதே தூண்டில் கொக்கி.
எங்களுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கலாம்.
அவர்கள் எந்த ஞாயிறு கூடுகிறார்களோ.

நானூறு ஏக்கரில் இன்று மிஞ்சியது
நாற்காலி போடும் ஓடைக்கரை மட்டும்.
மேலே நெடுஞ்சாலை, ஒரு பெட்ரோல் பங்க்,
அடகுக்கடையின் பின்சுவர்.

வெண்டல் சித்தப்பா போன் செய்தார்.
கல் வந்துவிட்டது, கொத்துபவன் காத்திருக்கிறான்.
"தேதி சரியா?"
"சரிதான்" என்றேன். "அன்றைக்குத்தான் போனார்."
அவருக்கு இதயத்தில் இரண்டு அறுவை ஆகியிருக்கிறது.
எனக்கு எழுதத் தெரியும், ஆனாலும்
ஓட்டை தேடும் புத்தி கெசியாவுடையது.

"சித்தப்பா, எழுத்துக்கு ஏழு டாலர் என்கிறானே.
'ஷானிகளால் கொல்லப்பட்டார்', அதை எடுத்துவிடலாம்.
'முதலில்', அதுவும் வேண்டாம்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, பென்சில் தேடும் சத்தம்.

"எவ்வளவு மிச்சமாகும்?"